ஒரே தெருவில் இரண்டு ராஜாக்கள்: 1745இல் எடின்பரோ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு அந்தக் காலத்தில் முதுகெலும்பு ஒரே ஒரு நீளமான தெரு. மேல்முனையில் பாறைமீது கோட்டை, கீழ்முனையில் ஹோலிரூட் அரண்மனை. மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். 1745 செப்டம்பர் 17 முதல் அக்டோபர் கடைசிவரை, ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, கோட்டை இரண்டாம் ஜார்ஜ் மன்னர் கையில் இருந்தது. அரண்மனையில் அவரைக் கவிழ்க்க வந்த இளவரசர் தங்கியிருந்தார். நகரமும் சுற்றுப்புறமும் சேர்த்துச் சுமார் 50,000 பேர். இவர்கள் யார் பக்கம் நின்றார்கள், நிற்பதுபோல் நடித்தார்கள், எப்போது மாறினார்கள் என்று வாசகர்கள் கேட்பவற்றை இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

ஜாக்கோபைட் என்று யாரைச் சொல்வார்கள்?

1688இல் ஜேம்ஸ் மன்னர் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. இங்கிலாந்துக்கு அவர் இரண்டாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்துக்கு ஏழாம் ஜேம்ஸ். கத்தோலிக்கர். அவர் இடத்தில் புராட்டஸ்டண்ட் மகள் மேரியும் மருமகன் வில்லியமும் அரியணை ஏறினார்கள். ஜேம்ஸ் என்ற பெயர் லத்தீனில் ஜாக்கோபஸ். அவரும் அவர் வாரிசுகளும்தான் முறையான ராஜா என்று நின்றவர்கள் ஜாக்கோபைட்டுகள். 1714இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்து அமர்ந்தார். அந்த வம்சத்தை ஆதரித்தவர்களுக்குப் பொதுவாக 'விக்' என்று பெயர்.

1689, 1715, 1719, 1745 என்று நான்கு முறை ஸ்காட்லாந்தில் ஆயுதம் தூக்கினார்கள். கடைசி முறை வந்தவர் ஓடிப்போன மன்னரின் பேரன் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், அப்போது வயது 24. அப்பா ரோமில் உட்கார்ந்திருக்க, அவருக்காக மகன் வந்தார். ஜூலை 23இல் எரிஸ்கே தீவில் இறங்கினார், ஆகஸ்ட் 19இல் கிளென்ஃபின்னனில் கொடி ஏற்றினார், அடுத்த மாதம் எடின்பரோ வாசலில் நின்றார்.

அப்படியென்றால் இது ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த சண்டைதானே?

இல்லை. சினிமாவும் சுற்றுலா விளம்பரமும் அப்படிப் பழக்கிவிட்டன. ஜார்ஜ் மன்னருக்காகப் போராடிய ஸ்காட்டியர் ஏராளம். கடைசிப் போரான கல்லோடனில் (1746 ஏப்ரல் 16) அரசுப் படையிலேயே ஸ்காட்டிஷ் ரெஜிமெண்டுகள் நின்றன. எடின்பரோவுக்குள்ளே இது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இடையிலான சண்டை. சில வீடுகளில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையிலான சண்டை.

யார் எந்தப் பக்கம் என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்?

முதலில் மதம். ஆனால் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற எளிய பிரிவு அல்ல. ஸ்காட்லாந்து திருச்சபையிலிருந்து 1689இல் பேராயர்கள் நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு பேராயர் இல்லாத பிரெஸ்பிட்டீரியன் முறை உறுதியானது. பேராயர்கள் வேண்டும் என்ற எபிஸ்கோப்பல் சபையார் தெருவுக்கு வந்தார்கள். ஜேம்ஸுக்குச் செய்த சத்தியத்தை முறித்து வில்லியமுக்குச் சத்தியம் செய்ய முடியாது என்று பல குருமார்கள் வேலையை இழந்தார்கள். இந்தச் சபைதான் ஜாக்கோபைட்டுகளின் நாற்றங்கால். பிரெஸ்பிட்டீரியன் குருமார்களோ பெரும்பாலும் ஜார்ஜ் பக்கம்.

இரண்டாவது 1707. அந்த ஆண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு இங்கிலாந்துடன் இணைந்தது. நாடாளுமன்றத் தெரு வெறிச்சோடியது. பிரபுக்கள் லண்டனுக்குப் போனார்கள். அவர்களை நம்பிப் பிழைத்த தையற்காரரும் மதுக்கடைக்காரரும் இங்கேயே இருந்தார்கள். அந்தக் கசப்பு ஆறவே இல்லை.

மூன்றாவது 1736. ஒரு கடத்தல்காரரைத் தூக்கிலிட்டபோது கூட்டம் கல்லெறிந்தது. நகரக் காவல்படைத் தலைவர் ஜான் போர்ட்டியஸின் ஆட்கள் சுட்டார்கள், பலர் செத்தார்கள். போர்ட்டியஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் அதை ஒத்திவைத்தது. செப்டம்பர் 7 இரவு ஊரே திரண்டு சிறையை உடைத்து, அவரைக் கிராஸ்மார்க்கெட்டுக்கு இழுத்துப்போய்த் தூக்கில் போட்டது. எடின்பரோவுக்கு லண்டன் 2,000 பவுண்டு அபராதம் போட்டது; நகரத் தலைவர் இனிப் பதவியே வகிக்கக் கூடாது என்றது. ஒன்பது வருடம் கழித்து அதே லண்டனுக்காக மதிலில் ஏறி உயிரைக் கொடு என்றால் யார் ஏறுவார்கள்? ஜார்ஜ்மேல் கோபம் இருந்ததால் மட்டும் சார்லஸ்மேல் அன்பு வந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

1745க்கு முன்பும் நகரம் இப்படிப் பிரிந்ததுண்டா?

உண்டு. 1689இல் நகரத்தில் கூடிய நாட்டுப் பிரதிநிதிகள் சபை வில்லியமை ஏற்றபோது, கோட்டையைக் கையில் வைத்திருந்த கார்டன் பிரபு ஜேம்ஸுக்காக ஜூன் வரை தாக்குப்பிடித்தார். சபையை விட்டு வெளியேறிய டண்டீ பிரபு போகிற வழியில் கோட்டைப் பாறையில் தொற்றி ஏறி அவரோடு பேசிவிட்டுத்தான் போனார்.

1715இல் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். செப்டம்பர் 8 இரவு கோட்டையைக் கயிற்றேணி போட்டுப் பிடிக்கத் திட்டம். உள்ளே சில சிப்பாய்களுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. சதிகாரர்கள் முதலில் மதுக்கடையில் உட்கார்ந்து நேரத்தைக் கோட்டைவிட்டார்கள். ஏணியின் ஒரு பகுதி வந்தது, மீதி வரவில்லை. உள்ளேயிருந்து இழுத்துக் கட்டினால் மதிலுக்கு எட்டவில்லை. இதற்குள் சதியில் சேர்ந்திருந்த ஒரு மருத்துவர் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா நீதித்துறை அதிகாரிக்குப் பெயர் போடாமல் கடிதம் அனுப்பிவிட்டார். காவல் வந்தது, கதை முடிந்தது. உள்ளேயிருந்து உதவிய சார்ஜென்ட் ஒருவர் தூக்கிலேறினார். கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1745இல் நகரம் ஒரு குண்டுகூடச் சுடாமல் எப்படி விழுந்தது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அரசுத் தளபதி சர் ஜான் கோப் இளவரசரைத் தடுக்க வடக்கே போனார். மலைக்கணவாயில் மோதப் பயந்து இன்வெர்னஸ் பக்கம் ஒதுங்கினார். தெற்கே போகும் வழி காலியானது. கோப் அபெர்டீனிலிருந்து கப்பலில் திரும்பி வருகிறார் என்று செய்தி. கோப் முதலில் வருவாரா, சார்லஸ் முதலில் வருவாரா என்று ஊரே காற்றுத்திசை காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது, உண்மையாகவே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்துத்தானே கப்பல்.

மதில் பழையது. பல இடங்களில் வீடுகள் அதை ஒட்டியே எழும்பியிருந்தன. ஜன்னலைத் திறந்தால் மதில். கணிதப் பேராசிரியர் காலின் மக்லாரின், நியூட்டனின் முறைகளை விளக்கிப் பெயர் வாங்கியவர், பாடத்தை விட்டுவிட்டு மதிலைச் செப்பனிட வந்தார். முன்னாள் நகரத் தலைவர் ஜார்ஜ் டிரம்மண்ட் தொண்டர்களைத் திரட்டினார். சுமார் 400 பேர் பெயர் கொடுத்தார்கள், பலர் கல்லூரி மாணவர்கள். பின்னால் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற வில்லியம் ராபர்ட்சன், நாடகாசிரியர் ஜான் ஹோம் இருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

செப்டம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கம் நடக்கும்போது அபாயமணி அடித்தது. ஊருக்கு வெளியே போய்க் குதிரைப்படையோடு சேர்ந்து எதிரியைத் தடுக்கத் தொண்டர்கள் லான்மார்க்கெட்டில் கூடினார்கள். ஒரு பக்கம் தாய்மாரும் சகோதரிகளும் அழுகை. இன்னொரு பக்கம் ஜன்னல்களில் நின்ற ஜாக்கோபைட் குடும்பத்தார் கேலி. வெஸ்ட் போ என்ற செங்குத்தான சந்து வழியாக அணிவகுப்பு இறங்கியது. ஒவ்வொரு முடுக்கிலும் சிலர் நழுவினார்கள். கடைமடைக்குப் போய்ச் சேர்ந்த வாய்க்கால் தண்ணீர்போல், மதில் வாசலை எட்டும்போது மிச்சம் கொஞ்சம்தான். கல்லூரித் தலைவர் விஷார்ட் வந்து, பிள்ளைகளே போகாதீர்கள் என்று மன்றாடினார். அவர்கள் போகவில்லை. எழுத்துப் பயிற்சி ஆசிரியர் ஒருவர் காகிதக் கட்டைக் கவசமாக மார்பில் கட்டிக்கொண்டு, மேல்தாளில் அழகான கையெழுத்தில் 'இது இன்னாருடைய உடல், கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யவும்' என்று எழுதி வைத்திருந்தாராம். ஊர்க்கதைதான், ஆனால் அன்றைய மனநிலைக்குப் பொருந்துகிறது.

மறுநாள் திங்கள். கோல்ட்பிரிட்ஜ் அருகே நின்ற அரசுக் குதிரைப்படை, ஒரு சில ஜாக்கோபைட் குதிரைவீரர்களைக் கண்டதும் ஓட ஆரம்பித்தது. நகரத்துக்கு வடக்கே வயல்வெளியில் ஓடியதை ஊர் மக்கள் தெருவிலிருந்தே பார்த்தார்கள். அதோடு தைரியம் போச்சு. கூட்டம் கூடினார்கள், சத்தம் போட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சார்லஸின் கடிதம் வந்தது: சரணடையுங்கள், உங்கள் உரிமைகளும் சொத்தும் பத்திரம், எதிர்த்தால் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல. தொண்டர்கள் வாங்கிய துப்பாக்கிகளைக் கோட்டையில் திருப்பிக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தைக்கு ஆட்கள் சார்லஸ் தங்கியிருந்த கிரேஸ் மில்லுக்குப் புறப்பட்டுப் போனார்கள். அவர்கள் போன பின்தான் செய்தி: கோப்பின் கப்பல்கள் கிழக்கே டன்பார் துறைமுகத்துக்கு வந்துவிட்டன!

இப்போது நகரத்துக்கு நேரத்தை இழுக்க வேண்டும். இரண்டாவது முறை ஆட்களை அனுப்பி அவகாசம் கேட்டார்கள். சார்லஸ் பிடி கொடுக்கவில்லை. அவர்களை இறக்கிவிட்ட வண்டி விடியற்காலையில் தன் லாயத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. லாயம் மதிலுக்கு வெளியே கேனன்கேட்டில். வண்டி வெளியே போக நெதர்போ வாசலைத் திறந்தார்கள். வெளியே இருட்டில் குலத்தலைவர் லோக்கீலின் தலைமையில், இளவரசர் படையைச் சேர்ந்த மலைநாட்டுக் கேமரன் குலத்தார் சுமார் 800, 900 பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் உள்ளே பாய்ந்தார்கள். அவ்வளவுதான். ஒரு துளி ரத்தமில்லை.

விடிந்ததும் மதில் பக்கம் உலாவப் போன ஒருவர், பீரங்கிமேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த மலைநாட்டு வீரனைப் பார்த்து, "நேற்று இங்கே காவலுக்கு இருந்தவர்கள் நீங்கள் இல்லையே?" என்று கேட்டாராம். "இல்லைங்க, முறை மாறிடுச்சு" என்றானாம் அவன்.

நகரத் தலைவர் ஆர்ச்சிபால்ட் ஸ்டூவர்ட் துரோகியா?

முதலில் ஒன்று: பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று இளவரசரின் உறவினர் என நினைக்க வேண்டாம். இவர் மது வியாபாரி, நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்.

எதிரிகள் சொன்ன குற்றச்சாட்டு வலுவானது. மதில் வேலையை இழுத்தடித்தார், தொண்டர்களை உற்சாகப்படுத்தவில்லை, நகரப் படையின் துப்பாக்கிகளைக் கோட்டைக்கு அனுப்பாமல் எதிரி கையில் சிக்கவிட்டார். கடைசிக் குற்றச்சாட்டுதான் கனமானது. அந்தத் துப்பாக்கிகள் ஜாக்கோபைட் படைக்கு நேரடியாகப் பயன்பட்டன.

பின்னால் அவரைப் பிடித்து லண்டன் டவரில் அடைத்தார்கள். 1747இல் எடின்பரோவில் நீண்ட வழக்கு நடந்தது. ஜூரி நிரபராதி என்றது. தத்துவஞானி டேவிட் ஹியூம் அவருக்காக வாதாடி ஒரு சிறு நூலே எழுதினார்: பயிற்சியில்லாத கடைக்காரர்களையும் மாணவர்களையும் ஓட்டை மதிலில் நிறுத்தி வாள்வீச்சுக்குப் பலிகொடுக்கச் சொல்கிறீர்களா என்பது அதன் சாரம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஸ்டூவர்ட்டின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அவர் கையில் இருந்த ஊர் மட்டும் மதில்மேல் பூனையாகத்தான் இருந்தது. ஆனால் துப்பாக்கி விஷயத்தில் நல்ல பதில் அவரிடம் இல்லை.

நகரம் போன பிறகும் கோட்டை எப்படித் தாக்குப்பிடித்தது?

உள்ளே இருந்த இரண்டு தளபதிகள், ஜோஷுவா கெஸ்ட், ஜார்ஜ் பிரெஸ்டன், இருவருக்குமே வயது 85ஐ ஒட்டி. பெரிய பீரங்கி இல்லாமல் அந்தப் பாறையை யாராலும் அசைக்க முடியாது; சார்லஸிடம் அது இல்லை. அவர் பீரங்கிக்கு எட்டாதபடி பூங்கா வழியாகச் சுற்றித்தான் ஹோலிரூட்டுக்கே வந்தார்.

செப்டம்பர் 21இல் பிரெஸ்டன்பான்ஸில் கோப்பின் படையைச் சில நிமிடங்களில் சிதறடித்தபின், கோட்டைக்குப் போகும் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார் சார்லஸ். பதிலுக்குக் கோட்டை தன் சொந்த நகரத்தின் மீதே சுட்டது. மேல்தெருவில் வீடுகள் சேதமாயின, சிலர் இறந்தார்கள். நகரத்தார் அரண்மனைக்கு ஓடி முறையிட்டார்கள். அக்டோபர் 5இல் முற்றுகை தளர்ந்தது. யோசித்துப் பாருங்கள்: தங்களுடைய அரசு சுடும் குண்டிலிருந்து தங்களைக் காப்பாற்றும்படி, அந்த அரசைக் கவிழ்க்க வந்தவரிடம் போய்க் கெஞ்ச வேண்டிய நிலை.

வியாபாரமும் வங்கியும் என்ன ஆயின?

நகரத்தில் இரண்டு வங்கிகள். 1695இல் தொடங்கிய பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. அதன்மேல் ஜாக்கோபைட் வாடை அடிப்பதாக நீண்டகாலச் சந்தேகம். 1727இல் தொடங்கிய ராயல் பேங்க், சுத்த விக். ஆபத்து வந்தபோது இரண்டும் ஒரே காரியம்தான் செய்தன: தங்கத்தையும் கணக்கையும் கோட்டையில் கொண்டுபோய் வைத்தன.

அப்புறம்தான் வேடிக்கை. இளவரசர் கையில் ராயல் பேங்க் நோட்டுகள் சேர்ந்தன. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? கேட்டவருக்குத் தங்கம் தரப்படும் என்று. அவருடைய செயலாளர் முர்ரே ஆஃப் பிராட்டன் நோட்டுகளை நீட்டி, மாற்றித் தா என்றார். வங்கியின் காசாளர் ஜான் கேம்ப்பெல் திகைத்தார். மறுத்தால் வங்கியின் வாக்கு பொய்த்துப்போகும், வங்கியாளர்களின் சொந்தச் சொத்துக்கும் ஆபத்து. கொடுத்தால் அரசின் எதிரிக்குப் பணம். கடைசியில் அக்டோபர் தொடக்கத்தில், இருபக்கமும் சுட்டுக்கொண்டிருந்தபோதே, வெள்ளைக் கொடி பிடித்துக்கொண்டு கோட்டைக்குள் போய்த் தங்கத்தை எடுத்து வந்தார். சுமார் 3,000 பவுண்டு அப்படிக் கைமாறியது. இளவரசரின் இங்கிலாந்துப் படையெடுப்புக்கு அது பெரிய உதவி. விக் வங்கியின் தங்கம், ஜார்ஜின் கோட்டையிலிருந்து, ஜார்ஜைக் கவிழ்க்க! கேம்ப்பெல் வேலையை இழக்கவில்லை. நான்கு வருடம் கழித்து அவர் மலைநாட்டு உடையில் ஜம்மென்று அமர்ந்திருக்கும் ஓவியம் இன்றும் இருக்கிறது.

நகரத்தின் தலையில் விழுந்த பாரமும் சாதாரணமல்ல: 1,000 கூடாரம், 2,000 கேடயம், 6,000 ஜோடி செருப்பு. செருப்புத் தைப்பவர்கள் மட்டும் அரசியல் பேச நேரமில்லாமல் இருந்திருப்பார்கள்.

கோவில்களில் யாருக்காக ஜெபித்தார்கள்?

வழக்கம்போல ஆராதனை நடத்துங்கள் என்று சார்லஸ் சொல்லிப் பார்த்தார். நகரத்துக் குருமார்களில் பெரும்பாலோர் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கோட்டைக்கு அடியிலேயே இருந்த வெஸ்ட் கர்க் ஆலயத்தின் நீல் மக்விகார் மட்டும் ஜார்ஜ் மன்னருக்காகத் தொடர்ந்து ஜெபித்தார். இளவரசரைப் பற்றி அவர் செய்ததாகச் சொல்லும் ஜெபம் மிகப் பிரபலம்: மண்ணுலகக் கிரீடம் தேடி வந்திருக்கும் இந்த இளைஞனுக்குச் சீக்கிரமே விண்ணுலகக் கிரீடத்தைக் கொடுத்தருளும், ஆண்டவரே. சார்லஸ் கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

பெண்கள் எல்லாம் இளவரசர் பக்கம் என்கிறார்களே, உண்மையா?

எல்லாரும் என்பது மிகை. ஆனால் வெளிப்படையாக நின்றவர்களில் பெண்கள் அதிகம் தெரிந்தார்கள், காரணமும் உண்டு. ஆண் கையெழுத்துப் போட்டால் சொத்து போகும், தலை போகும். ஜாக்கோபைட் அடையாளமான வெள்ளை ரிப்பனைப் பெண் அணிந்தால் அந்தத் தண்டனை இல்லை. அதனால் வீட்டு ஆண்கள் வாயை மூடிக்கொள்ள, பெண்கள் வீட்டின் மனதைச் சொன்னார்கள் என்று தோன்றுகிறது. மெர்காட் கிராஸ் என்ற சந்தைத் தூணில் இளவரசரின் அப்பாவை எட்டாம் ஜேம்ஸ் என்று ராஜாவாக அறிவித்தபோது, செயலாளர் முர்ரேயின் மனைவி உருவிய வாளோடு குதிரைமேல் அமர்ந்து கூட்டத்துக்கு வெள்ளை ரிப்பன் பூக்களை வழங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது நேர்ன் குடும்பத்துப் பெண்ணின் கதை. மலைநாட்டார் வெற்றிக் களிப்பில் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட, தவறிப்போன குண்டு ஒன்று மாடத்தில் நின்றிருந்த அவருடைய நெற்றியை உரசியது. மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்னாராம்: "நல்லவேளை, என்மேல் பட்டது. நான் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். ஒரு விக் பெண்மேல் பட்டிருந்தால் வேண்டுமென்றே சுட்டார்கள் என்றல்லவா பேசியிருப்பார்கள்!" நெற்றியில் ரத்தம் வடியும்போதும் ஊர் என்ன பேசும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

நகரத்திலிருந்து எத்தனை பேர் இளவரசர் படையில் சேர்ந்தார்கள்?

அவர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஜான் ராய் ஸ்டூவர்ட் 'எடின்பரோ ரெஜிமெண்ட்' என்று ஒன்றைத் திரட்டினார். அதிலும் பிரெஸ்டன்பான்ஸில் பிடிபட்டு அணி மாறிய சிப்பாய்கள் இருந்தார்கள். கைதட்ட வந்த கூட்டம் கூடவே நடக்க வரவில்லை.

கலைஞர்களும் எழுத்தாளர்களும் எப்படிச் சமாளித்தார்கள்?

கவிஞர் ஆலன் ராம்சே ஸ்டூவர்ட் குடும்பத்தின்மேல் பாசமுள்ளவர். இளவரசர் வந்த சமயம் பார்த்து அவர் பெனிக்குவிக்குக்குப் போய்விட்டார். இவரைப் போலத் தக்க நேரத்தில் வெளியூர்ப் பயணம் கிளம்பியவர்கள் நிறையப் பேர்.

அவர் மகன், அதே பெயருள்ள ஓவியர் ஆலன் ராம்சே, ஹோலிரூட்டுக்கு அழைக்கப்பட்டார். அக்டோபரில் சார்லஸைச் சிறிய அளவில் வரைந்தார். அதே கை பின்னால் மூன்றாம் ஜார்ஜின் முடிசூட்டு உடை ஓவியத்தைத் தீட்டி, அரசவையின் தலைமை ஓவியர் ஆனது. தொலைந்துபோனதாக நினைத்த சார்லஸ் ஓவியம் 2014இல்தான் அடையாளம் காணப்பட்டது.

செதுக்குக் கலைஞர் ராபர்ட் ஸ்ட்ரேஞ்சின் கதை இன்னும் நல்லது. அவருக்கு அரசியல் ஆர்வம் பெரிதாக இல்லை. இசபெல்லா லம்ஸ்டன் என்ற பெண்மேல் காதல். இளவரசருக்காகப் போராடினால்தான் கல்யாணம் என்றார் அந்தப் பெண். போனார். கல்லோடனுக்குச் சற்று முன் இன்வெர்னஸில் இளவரசருக்காக நோட்டு அச்சடிக்கத் தகடு செதுக்கினார். போரில் தோற்றதால் நோட்டு புழக்கத்துக்கு வரவே இல்லை. தப்பி ஓடி வந்தவரைத் தேடிப் படை வீட்டுக்குள் நுழைந்தபோது, இசபெல்லா தன் அகன்ற வளையப் பாவாடைக்குள் அவரை ஒளித்துவைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் பாடிக்கொண்டே தையல் வேலையைத் தொடர்ந்தாராம். 1747இல் கல்யாணம். 1787இல் மூன்றாம் ஜார்ஜ் ஸ்ட்ரேஞ்சுக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்.

கிளாஸ்கோவும் இப்படித்தான் ஊசலாடியதா?

இல்லை. அட்லாண்டிக் புகையிலை வியாபாரத்தில் செழித்துக்கொண்டிருந்த கிளாஸ்கோவுக்கு 1707 இணைப்பு லாபம். சார்லஸ் செப்டம்பரில் அங்கிருந்து 5,500 பவுண்டு பறித்தார்; இங்கிலாந்திலிருந்து பின்வாங்கி வந்தபோது 12,000 சட்டை, 6,000 ஜோடி செருப்பு என்று பட்டியல் போட்டார். நகரம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தது, தன் சொந்தப் படையை எதிரே அனுப்பவும் செய்தது. 1749இல் நாடாளுமன்றம் 10,000 பவுண்டு ஈடு கொடுத்தது.

ஒரு மகன் இங்கே, ஒரு மகன் அங்கே என்று குடும்பங்கள் திட்டமிட்டே பிரிந்தனவா?

எது வென்றாலும் சொத்து தப்பும் என்ற கணக்கு சில குடும்பங்களில் இருந்திருக்கலாம்; எல்லாவற்றையும் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. அதோல் குடும்பத்தில் ஜேம்ஸ் முர்ரே அரசு பக்கம், அண்ணன் வில்லியமும் தம்பி லார்டு ஜார்ஜும் இளவரசர் பக்கம். கில்மார்னாக் பிரபு ஜாக்கோபைட். கல்லோடனில் அவர் கைதியாகத் தொப்பியில்லாமல் நடத்திவரப்பட்டபோது, எதிரணியில் அதிகாரியாக நின்ற மூத்த மகன் வந்து தன் தொப்பியைக் கழற்றி அப்பா தலையில் வைத்தார் என்று சொல்வார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அப்பாவின் தலை லண்டனில் வெட்டப்பட்டது. இதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோற்ற பிறகு நகரம் எப்படி நடந்துகொண்டது?

சார்லஸ் நவம்பர் தொடக்கத்தில் தெற்கே போனதும், அதே மாதத்திலேயே அரசுப் படை திரும்பி வந்தது. 1746 ஜனவரி 30இல் ஜார்ஜ் மன்னரின் மகனும் அரசுப் படைத் தளபதியுமான கம்பர்லாண்ட் பிரபு வந்து ஹோலிரூட்டில், இளவரசர் படுத்த அதே கட்டிலில் தூங்கினார். ஜூன் 4இல் கல்லோடனில் கைப்பற்றிய கொடிகளைத் தண்டனை நிறைவேற்றுபவரும் புகைபோக்கி சுத்தம் செய்பவர்களும் சுமந்துவந்து, ஜேம்ஸை ராஜாவாக அறிவித்த அதே மெர்காட் கிராஸில் எரித்தார்கள். எபிஸ்கோப்பல் வழிபாட்டுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. சத்தியம் செய்யாத குரு, வீட்டாரைத் தவிர நாலு பேருக்கு மேல் கூட்டி ஆராதனை நடத்தக் கூடாது. டிசம்பர் 20, இளவரசரின் பிறந்தநாள் அன்று, கட்டம்போட்ட டார்ட்டன் உடை அணிந்த பெண்களைப் பிடிக்கச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டார்கள். தொண்டர்களைத் திரட்டிய டிரம்மண்ட் மீண்டும் நகரத் தலைவரானார்.

செயலாளர் முர்ரே என்ன ஆனார்? பிடிபட்டதும் தோழர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லி உயிர் தப்பினார். பல வருடம் கழித்து, முகத்தை மறைத்துக்கொண்டு இரவு நேரத்தில் எடின்பரோ வழக்கறிஞர் ஒருவரிடம் வேலையாக வந்தார். அந்த வழக்கறிஞர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் அப்பா, பழுத்த விக். யார் வருகிறார் என்று பார்க்கும் ஆவலில் மனைவி தேநீர் கொண்டுவந்தார். முர்ரே குடித்துவிட்டுப் போனதும், அப்பா அந்தக் கோப்பையை ஜன்னல் வழியாக வீசி எறிந்தார்: வேலை என்றால் எவரையும் வீட்டுக்குள் விடுவேன், ஆனால் அந்த ஆள் வாய் வைத்த பாத்திரத்தில் என் வீட்டார் வாய் வைக்கக் கூடாது. எதிரியை மன்னித்துவிடும் ஊர், எதிரியைக் காட்டிக்கொடுத்து நமக்கே உதவியவனை மன்னிக்கவில்லை.

தமிழ்நாட்டு வரலாற்றோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு மெல்லிய நூல் உண்டு. 1758–59இல் சென்னையை முற்றுகையிட்ட, 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியை நமக்குத் தெரியும். அவர் அப்பா ஜேம்ஸ் மன்னருக்காக நாடு துறந்த ஐரிஷ் ஜாக்கோபைட். லாலி 1746 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் சார்லஸின் படையோடு இருந்தவர்.

இன்று போனால் எதைப் பார்க்கலாம்?

நெதர்போ வாசல் 1764இல் இடிக்கப்பட்டது. ஹை ஸ்ட்ரீட்டில் அது நின்ற இடத்தைத் தரையில் பதித்த பித்தளைத் துண்டுகள் காட்டும். வாகனம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் குனியுங்கள். வாசலின் பழைய மணி பக்கத்திலுள்ள கதைசொல்லல் மையத்தில் தொங்குகிறது. மேலே கோட்டை வாயில் அருகே ஒரு வீட்டுச் சுவரில் பீரங்கிக் குண்டு பதிந்திருக்கிறது. 1745இல் கோட்டையிலிருந்து ஹோலிரூட்டை நோக்கிச் சுட்டது என்பார்கள். குடிநீர்க் குழாய் போட்டபோது நீர்மட்டத்தைக் குறிக்க வைத்தது என்றும் சொல்வார்கள். வழிகாட்டியிடம் கேட்டால் இரண்டையும் சொல்வார்.